தக்காளி இலை வெளுக்கிறதா, காயில் ஊசித் துளையா? ஊசிப்புழுவை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

ராயக்கோட்டை, பாலக்கோடு, காரிமங்கலம், கெலமங்கலம் பக்கம் தக்காளி போடுகிறவர்களிடம் வெயில் காலம் வந்தாலே ஒரே கேள்விதான்: "இலையெல்லாம் வெளுத்துக் காய்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்து பற்றிக் கீழே சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் இது எந்தப் பூச்சி என்று பார்த்தாக வேண்டும். தக்காளியில் இலை வெளுக்கப் பல காரணம் இருக்கிறது, அதில் ஒன்றுதான் ஊசிப்புழு, மற்றவற்றுக்கு ஊசிப்புழு மருந்தை அடித்தால் காசுதான் போகும்.

ஊசிப்புழு நம் ஊர்ப் பூச்சி இல்லை, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 2006ல் ஸ்பெயினில் இறங்கி, 2014ல் மகாராஷ்டிராவில் தென்பட்டு, கொஞ்ச காலத்திலேயே கர்நாடகம், நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் என்று பரவிவிட்டது. கடையில் 'டூட்டா' என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள்.

எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத வேலை முதலில், செலவு வைப்பது கடைசியில்.

வயலுக்குள் போகும்போது

ஒரு கைலென்ஸ், ஒரு குண்டூசி, நாலைந்து பாலித்தீன் பை போதும். வெயில் ஏறுவதற்குள் போங்கள். வரப்பு ஓரத்துச் செடிகளையும், பழைய தக்காளி வயல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தையும் முதலில் பாருங்கள், ஏனென்றால் தாய்ப்பூச்சி அங்கிருந்துதான் உள்ளே வரும். அப்புறம் வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து இருபது செடி பார்ப்பது என் வழக்கம், ஒவ்வொன்றிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று இலை. பாதையோரம் நின்று நாலு செடியைப் பார்த்துவிட்டு "வயல் முழுக்க இருக்கிறது" என்றோ "ஒன்றுமில்லை" என்றோ முடிவு கட்டாதீர்கள்.

அறிகுறி: இலையில் வெளுத்த திட்டு அல்லது கொப்புளம்

இலையைக் கிள்ளி சூரியனுக்கு நேராகப் பிடியுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

*கோடு குறுகலாக, வளைந்து வளைந்து போகிறதா?* அது பாம்புக்கோடு போடும் இலைத்துளைப்பான் ஈ. உள்ளே மஞ்சள் நிறத்தில் கால் இல்லாத சின்னப் புழு இருக்கும். கோடு கடைசி வரை கோடாகவே இருக்கும், அகன்று திட்டாகாது. கீழ் இலைகளில்தான் அதிகம் வரும். தேறிய செடிக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை, அடி இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தினாலே அடங்கும். இதற்கு விலை உயர்ந்த புழு மருந்து வாங்க வேண்டாம்.

*வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சளா?* இது இலைக்கருகல் நோய், பூஞ்சாணம். இலைத்தோல் பிரியாது, உள்ளே காலி இடம் இருக்காது. பூச்சிமருந்து இதற்கு ஒன்றும் செய்யாது.

*ஒழுங்கில்லாமல் அகன்ற திட்டாக, பொரித்த அப்பளத்தின் கொப்புளம் போல மேல்தோல் தனியாக எழும்பி நிற்கிறதா?* குண்டூசியால் மெதுவாகக் கீறிப் பாருங்கள். பச்சையமெல்லாம் தின்னப்பட்டு மேல்தோலும் கீழ்தோலும் மட்டும் மிஞ்சியிருக்கும், ஒரு ஓரத்தில் கறுப்பு எச்சம் ஒதுங்கியிருக்கும். புழு உள்ளே இருந்தால் வெளிறிய பச்சை, வளர்ந்ததாக இருந்தால் முதுகில் ரோஸ் சாயல், நீளம் 1 செ.மீ.கூட வராது. லென்ஸில் தலைக்குப் பின்னால் பாருங்கள். கழுத்தில் ஒரு கருப்புப் பட்டை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், ஊசிப்புழுதான்.

கீறிப் பார்த்தால் கொப்புளம் காலியாக இருக்கிறது என்பவர்கள் நிறையப் பேர். புழு செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்தப் புழு ஒரு கொப்புளத்தை விட்டு வெளியே வந்து பக்கத்து இலையில் புதிதாக ஒன்று போடும், அல்லது மண்ணில் விழுந்து கூட்டுப்புழு ஆகியிருக்கும். அதனால் காலிக் கொப்புளத்துக்குப் பக்கத்து இலைகளையும் திருப்பிப் பாருங்கள்.

என்ன செய்யலாம்? வரப்போரச் செடிகளில் மட்டும், இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால் கையால் கிள்ளுங்கள். கிள்ளிய இலையை வரப்பில் போட்டால் செய்த வேலை அத்தனையும் வீண், புழு அங்கேயே வளர்ந்து அந்துப்பூச்சியாகித் திரும்ப வரும். பாலித்தீன் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் வாயை இறுகக் கட்டி நாலைந்து நாள் நல்ல வெயிலில் வையுங்கள், அல்லது ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். நாற்று நட்ட முதல் ஒரு மாதத்தில் இதை விடாமல் செய்கிற வயல்களில் பின்னால் மருந்துச் செலவு கணிசமாகக் குறைகிறது, கூலி கொடுத்துச் செய்தாலும் கட்டுப்படியாகும்.

வயல் நடுவிலும் பரவலாகக் கொப்புளம், உயிருள்ள புழு தெரிகிறது என்றால் கிள்ளினால் மட்டும் தீராது. முதலில் வேப்பம் மருந்து, அதாவது 1 சதவீத அசாடிராக்டின், லிட்டருக்கு 2 முதல் 3 மி.லி., மாலை நேரத்தில் இலையின் அடிப்புறம் நனையும்படி. புழு சின்னதாக இருக்கும்போதுதான் இது கேட்கும். அதற்கும் அடங்காவிட்டால் ரசாயன மருந்து. அதை எப்படி அடிப்பது என்று 'மருந்து அடித்தும் நிற்கவில்லை' என்ற தலைப்பில் சொல்லியிருக்கிறேன், முதல் முறை அடிக்கிறவர்களும் அதைப் படித்துவிட்டு அடியுங்கள்.

அறிகுறி: தளிர் நுனி வாடித் தொங்குகிறது, கருகுகிறது

வாடிய தளிரைக் கிள்ளி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே துளையும் கறுப்பு எச்சமும் இருந்தால் ஊசிப்புழு தண்டுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். நுனியை இரண்டு விரற்கடை கீழே சேர்த்துக் கிள்ளிப் பையில் போடுங்கள், பக்கக் கிளை வந்துவிடும்.

துளையே இல்லை, ஆனால் இளம் இலைகளில் செம்பு நிறப் புள்ளிகள், நுனி பட்டுப்போகிறது, காயில் வட்ட வட்டமான மஞ்சள் தேமல் என்றால் அது இலைப்பேன் பரப்பும் வைரஸ். மேல் இலைகள் கிண்ணமாகச் சுருண்டு செடி குட்டையாகிறது என்றால் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை. இரண்டுக்கும் செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கி வெளியேற்றுங்கள், பூச்சிக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும் நீல ஒட்டுப்பொறியும் கட்டுங்கள்.

அறிகுறி: இலைக்காம்பில், தண்டில் பழுப்பு வளையம்

விரலால் தொட்டாலே வளையம் விழுந்த இடத்தில் தளிர் ஒடியும். பார்த்தவுடன் பயந்து மருந்து தேடுகிறார்கள். இலைகளைத் தட்டிப் பாருங்கள், மெல்லிய பச்சை நிற நாவாய்ப்பூச்சிகள் ஓடினால் அவை செய்த வளையம்தான் அது. இந்தப் பூச்சி ஊசிப்புழுவின் முட்டைகளையும் குஞ்சுப்புழுக்களையும் உறிஞ்சிக் கொல்கிறது, தின்ன இரை கிடைக்காதபோதுதான் தண்டில் வாய் வைக்கிறது. வளையம் கொஞ்சமாக இருந்தால் விட்டுவிடுங்கள். சும்மா வேலை செய்கிற ஆளை மருந்தடித்து விரட்ட வேண்டாம்.

அறிகுறி: காயில் துளை

இதுதான் நேரடியாகக் கையைக் கடிப்பது. மண்டியில் வியாபாரி கிரேட்டின் மேலே இருக்கிற பழத்தைப் பார்ப்பதே இல்லை, நடுவிலிருந்து ஒன்றை எடுத்து, காம்பிலிருக்கும் பச்சை இதழைக் கட்டைவிரல் நகத்தால் தூக்கிப் பார்க்கிறார். நீங்களும் அதையே வயலில் செய்யுங்கள். பச்சைக்காயில், காம்பு இதழுக்கு அடியில், குண்டூசி குத்தியது மாதிரி ஒரு துளை, வாயில் கறுப்புத் துகள். பிளந்தால் தோலை ஒட்டியபடியே சுரங்கம் போகும். இது ஊசிப்புழு.

துளை பெரியது, சுண்டுவிரல் நுனி நுழையும், புழு பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயும் வைத்துக்கொண்டு தின்கிறது என்றால் அது பழைய பச்சைக் காய்ப்புழு. அதன் பொறிக்கு வைக்கும் லூர், அதாவது ஆண் பூச்சியை இழுக்கும் வாசனை மருந்து, வேறு, ஊசிப்புழுவின் லூர் வேறு. ஒன்றுக்கு வாங்கிய லூரை மற்றதற்குக் கட்டினால் ஒரு பூச்சியும் விழாது.

துளையே இல்லாமல் காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழி விழுந்தால் அது பூச்சியே இல்லை, தண்ணீர் ஒழுங்கில்லாததாலும் சுண்ணாம்புச் சத்துப் பற்றாததாலும் வருவது. சொட்டுநீரைச் சீராக விடுங்கள்.

ஊசித் துளைக் காய்களைப் பறிப்புக்கு முன்பே தனியாகப் பொறுக்கி அழித்துவிட வேண்டும். சொத்தைக் காயை வரப்பில் கொட்டுவது இந்த இரண்டு மாவட்டத்திலும் ஊறிப்போன பழக்கம், அந்தக் குவியலில் இருந்துதான் அடுத்த தலைமுறை கிளம்புகிறது. மண்டியிலிருந்து திரும்பி வரும் காலிக் கிரேட்டுகளையும் உதறிக் கழுவி வெயிலில் கவிழ்த்து வையுங்கள், மூலையிலும் இடுக்கிலும் கூட்டுப்புழு ஒட்டிக்கொண்டு வரும். இந்தப் பூச்சி நாடு விட்டு நாடு போனதே பழத்தோடும் பெட்டியோடும்தான்.

காய்ப்பு நேரத்தில் மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால் லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாளைப் பார்த்து, பறிப்பை அதற்குத் தகுந்தபடி தள்ளி வையுங்கள். நாளைக்கு லாரி வருகிறது என்பதற்காக இன்று மாலை அடித்த வயலில் நாளைக் காலை பறிக்கக் கூடாது, அதை வாங்கிப் போய்ச் சமைப்பவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அறிகுறி: குழித்தட்டு நாற்றிலேயே திட்டு

வாங்காதீர்கள். அவ்வளவுதான். நாற்றுப் பண்ணையில் தட்டை உயர்த்திப் பிடித்து இலையின் அடிப்புறம் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். நிழல்வலை மட்டும் போதாது, பூச்சி நுழையாத நெருக்கமான வலை சுற்றிலும் இருக்கிறதா, கதவு மூடித்தான் வைத்திருக்கிறார்களா, பக்கத்திலேயே தக்காளி வயல் நிற்கிறதா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் அந்த இலைகளைக் கிள்ளி அழித்துவிட்டுத்தான் நட வேண்டும்.

அறிகுறி: இனக்கவர்ச்சிப் பொறியில் பூச்சி விழவே இல்லை, ஆனால் இலையில் கொப்புளம் இருக்கிறது

முதலில் பொறி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். காய்ப்புழுப் பொறி மாதிரி செடிக்கு மேலே குச்சியில் கட்டியிருந்தால் இறக்குங்கள், இந்த அந்துப்பூச்சி தாழப் பறக்கும். அப்புறம் லூரின் தேதி, அது காலாவதியாகிவிட்டதா? வெயிலில் கிடந்த கடையில் வாங்கியதா? மூன்றாவது, ஒட்டுத்தாளில் தூசி படிந்து ஒட்டும் தன்மை போய்விட்டதா? வேப்பனஹள்ளிப் பக்கத்து மண்ரோட்டு ஓர வயல்களில் ஒரே வாரத்தில் தாள் மண்ணாகிவிடுகிறது. அதற்குத் தண்ணீர்ப் பொறி நல்லது: அகலமான பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மேலே கம்பியில் லூர்.

அறிகுறி: பொறி நிறைய விழுகிறது, சேதமும் குறையவில்லை

பொறியில் விழுவது ஆண் பூச்சி மட்டும். பக்கத்து வயலில் இணை சேர்ந்த பெண் பூச்சி உங்கள் வயலுக்கு முட்டையிட வந்தால் பொறி அதைத் தடுக்காது, ஒரு பெண் பூச்சி இருநூறுக்கு மேல் முட்டை வைக்கக் கூடியது. ஒன்றிரண்டு பொறி பூச்சி வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள. பூச்சியைக் குறைக்க வேண்டும் என்றால் ஏக்கருக்கு 16 வரை வைக்க வேண்டும், அதுவும் அடுத்தடுத்த வயல்காரர்கள் சேர்ந்து வைத்தால்தான் பலன். நீங்கள் ஒருவர் மட்டும் அரை ஏக்கரில் நெருக்கிக் கட்டினால் ஊர்ப் பூச்சியைத் தேடி அழைத்த கதையாகிவிடும்.

அறிகுறி: மருந்து அடித்தும் நிற்கவில்லை

அதிகம் வருவதும் அதிகம் செலவு வைப்பதும் இதுதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

*அடித்த நேரம் எது?* காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் அடித்தால் மருந்து இலையில் காய்ந்துவிடும், புழு உள்ளே பத்திரமாக இருக்கும். மாலையில் அடியுங்கள், தேனீக்களும் தப்பும்.

*நாசில் எந்தப் பக்கம்?* மேலிருந்து கீழாக மட்டும் அடித்தால் இலையின் அடிப்புறம் காய்ந்தே கிடக்கும். குச்சி கட்டிய செடியில் நாசிலைக் கீழிருந்து மேல்நோக்கித் திருப்ப வேண்டும். அடித்து முடித்ததும் நடு இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், நனையவில்லையென்றால் மருந்து மீது குற்றமில்லை.

*ஒரே முறை அடித்தீர்களா?* அடிக்கும் அன்று வயலில் முட்டையும் இருக்கிறது, இலைக்குள் புழுவும் இருக்கிறது, மண்ணில் கூட்டுப்புழுவும் இருக்கிறது. முட்டையும் கூட்டுப்புழுவும் தப்பிவிடும். முட்டை நாலைந்து நாளில் பொரிக்கும், கூட்டுப்புழு பத்து நாள் அளவில் பூச்சியாகும். அதனால் ஒரு வாரம் கழித்துத் திரும்ப வயலில் நடந்து, உயிருள்ள புழு இருக்கிறதா என்று கீறிப் பார்த்துவிட்டு அடுத்த முடிவை எடுங்கள். பழைய கொப்புளம் ஆறாது, அதைப் பார்த்து "மருந்து கேட்கவில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். புதுத் தளிரில் புதுக் கொப்புளம் வருகிறதா என்பதுதான் கணக்கு.

*பாட்டிலை மாற்றினீர்களா, மருந்தை மாற்றினீர்களா?* கடைக்காரர் "இது புதுசுண்ணா, போன தடவை வாங்கினது வேற" என்று கொடுக்கிறார், பெயரும் நிறமும் வேறாகத்தான் இருக்கும். பாட்டிலைத் திருப்பி உள்ளிருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். குளோரான்ட்ரனிலிப்ரோல், சயான்ட்ரனிலிப்ரோல், டெட்ரானிலிப்ரோல், இப்படி 'னிலிப்ரோல்' என்று முடிவதெல்லாம் ஒரே குடும்பம், ஃப்ளூபெண்டியமைடும் அந்தக் குடும்பம்தான். மருந்தின் குடும்பத்தைக் காட்டும் குழு எண் போட்டிருந்தால் 28 என்று இருக்கும். நான்கையும் மாற்றி மாற்றி அடித்தாலும் புழுவுக்கு ஒரே மருந்தை நான்கு முறை கொடுத்ததற்குச் சமம், தப்பிப் பிழைத்தவை எல்லாம் எதிர்ப்பு உள்ளவை. கலவை மருந்தாக இருந்தால் இரண்டு பெயரையும் பாருங்கள், அதில் ஒன்று இந்தக் குடும்பமாக இருக்கலாம்.

வெயில் காலத்தில் இந்தப் பூச்சி ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறையை முடித்துவிடும். ஒரு மாதம் ஒரு குடும்ப மருந்து, அடுத்த மாதம் வேறு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக முதல் சுற்றில் குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்சி லிட்டருக்கு 0.3 மி.லி., அடுத்த சுற்றில் இண்டாக்சாகார்ப் 14.5 எஸ்சி லிட்டருக்கு 1 மி.லி., நடுவில் வேப்பம் மருந்து. எதை எந்தத் தேதியில் அடித்தோம் என்று காலண்டரிலேயே எழுதி வையுங்கள். மூன்று நாலு மருந்தை ஒரே டேங்கில் கலக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், நாவாய்ப்பூச்சியும், ஊசிப்புழு முட்டையை அழிக்கும் ஒட்டுண்ணியும்தான் முதலில் சாகும். அடிப்பவர் முகத்தைக் கட்டி, கையுறை போட்டு, காற்றுக்கு முதுகு காட்டி அடிக்க வேண்டும்.

அறிகுறி: எல்லாம் சரியாகச் செய்த வயலிலும் திரும்பத் திரும்ப வருகிறது

உங்கள் வயலில் தேடுவதை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். விலை விழுந்தால் பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டுப் போவது நம் பக்கத்தில் நடக்கிறது, அப்படி விடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, வண்டிக்கூலி கையிலிருந்து போடுகிற வலி தெரிந்ததுதான். ஆனால் அப்படி நிற்கும் ஒரு வயல், மருந்தும் இல்லாமல் ஆள் நடமாட்டமும் இல்லாமல், ஊசிப்புழுவுக்கு மாதக்கணக்கில் சோறு போடுகிறது. பக்கத்தில் புது நாற்று நட்டவர் என்ன செய்தாலும் அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும்.

அந்த வயல்காரரிடம் பேசுங்கள், சண்டையாக வேண்டாம். "அண்ணா, டிராக்டர் செலவில் நானும் பாதி போடுகிறேன், ரோட்டவேட்டர் விட்டுடலாம்" என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், உங்கள் இரண்டு முறை மருந்துச் செலவைவிட அது குறைவாகத்தான் வரும். செடியை மடக்கி உழுதுவிட்டு வெயிலில் காயவிட்டால் மண்ணிலிருக்கும் கூட்டுப்புழுவும் பெருமளவு போய்விடும். ஆடுமாடு மேயவிட்டால் மட்டும் போதாது, கீழே கிடக்கும் பழமும் தண்டும் அப்படியே இருக்கும்.

வரப்பில் நிற்கும் மணத்தக்காளி, ஊமத்தை இரண்டிலும் இந்தப் புழு தங்கும், அவற்றின் இலையையும் சூரியனுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தக்காளிக்குப் பின் தக்காளி, தக்காளிக்குப் பின் கத்தரி என்று போடாமல் நடுவில் ராகி, பீன்ஸ், முட்டைக்கோஸ், சாமந்தி எதையாவது ஒரு போகம் வையுங்கள்.

அறிகுறி: பக்கத்துக் கத்தரி, உருளை, மிளகாயிலும் ஏதோ இருக்கிறது

கத்தரி இலையில் அதே கொப்புளம், கழுத்துப் பட்டையுள்ள புழு என்றால் தக்காளியிலிருந்து தாண்டிவிட்டது, மேலே சொன்னதையே செய்யுங்கள். கத்தரியில் தளிர் வாடி, காயில் பெரிய துளை என்றால் அது கத்தரிக்கே உரிய தண்டு, காய்த்துளைப்பான். ஓசூர், தளிப் பக்கத்து உருளையில் கொஞ்சம் சிக்கல், உருளை அந்துப்பூச்சியும் இலையில் இதே மாதிரித் திட்டுப் போடும், கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். மாதிரி எடுத்துக் காட்டிவிடுங்கள். மிளகாயிலும் குடைமிளகாயிலும் இலை சுருள்வதும் பூ கொட்டுவதும் ஊசிப்புழுவால் வருவதில்லை. பூவைக் கையில் தட்டிப் பார்த்துக் கறுப்பு இலைப்பேன் ஓடினால் அது வேறொரு வெளிநாட்டுப் பூச்சி, அதற்கு வழி வேறு.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

இந்த நாலில் ஒன்று நடந்தாலும் தாமதிக்க வேண்டாம்: வெவ்வேறு குடும்ப மருந்து இரண்டை முறையாக அடித்தும் புதுத் தளிரில் உயிருள்ள புழு இருந்தால், பறிக்கும் காயில் பத்துக்கு ஒன்று துளை விழுந்தால், உருளையில் பார்த்தால், ஒரே சமயத்தில் பக்கத்துப் பக்கத்து வயல்களில் கிளம்பினால்.

முதலில் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகம். அப்புறம் தர்மபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையம், காவேரிப்பட்டணம் பக்கம் என்றால் பையூர் ஆராய்ச்சி நிலையமும் அருகில் இருக்கிறது. போக முடியாதவர்கள் கிசான் கால் சென்டர் 1800 180 1551க்குக் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

வெறுங்கையோடு போகாதீர்கள். புழு உள்ளே இருக்கிற இலைகளையும் துளை விழுந்த பச்சைக்காய் இரண்டையும் அன்றைக்கே பறித்து, தண்ணீர் தெளிக்காமல் காகிதத்தில் சுற்றி, அதைப் பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டிக் கொண்டுபோங்கள், வழியில் பையைத் திறக்க வேண்டாம். அடித்த மருந்துகளின் காலிப் பாட்டில் லேபிள்களையும் தேதியையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இருப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.